பட்டியலில் இல்லாத நிலையம்

காலைத் தொங்கப் போடாதீர்கள் தம்பி. அந்தக் கல்லின் மேல் தூக்கி வையுங்கள். இன்னும் கொஞ்சம். அப்படித்தான். ஷூவைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் வீங்கிவிடும், பிறகு கால் நுழையாது. கயிற்றை மட்டும் தளர்த்திவிடுங்கள். இந்தாருங்கள் தண்ணீர். முழுவதும் குடித்தாலும் பரவாயில்லை. எனக்கு இங்கே தண்ணீர் அதிகம் செலவாகாது.

பயப்பட ஒன்றுமில்லை. வழி தவறிவிட்டீர்கள், அவ்வளவுதான். கீழே மூங்கில் புதர் இருக்கிறதே, அங்கே இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்புகிற இடத்தில் ரிப்பன் கட்டியிருப்பார்கள். நேற்றே கட்டியிருப்பார்கள். இந்த மலை மாடுகளுக்கு ரிப்பன் என்றால் உயிர். எந்த நிறமானாலும் தின்றுவிடும். அதனால்தான் என் திட்டத்தில் அந்தப் பிரிவில் எப்போதும் ஒரு ஆளை நிறுத்துவேன். மாடு ஆளைத் தின்னாது அல்லவா? இந்த வருஷம் ஆள் இல்லை. உங்கள் இடுப்பில் ஒரு வில்லையைக் கட்டிவிட்டிருக்கிறார்களே, அதை நம்பிவிட்டார்கள். நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்று அது கீழே சொல்லிக்கொண்டே இருக்குமாம். செல்போன் சிக்னல் இருந்தால் சொல்லும். உங்கள் போனை எடுத்துப் பாருங்களேன். பார்த்தீர்களா? ஒரு கோடுகூட இல்லை.

ஆமாம், இது வாக்கி டாக்கி மாதிரிதான். அப்படிச் சொல்லாதீர்கள், சினிமாவில் வருகிற போலீஸ் மாதிரி இருக்கிறது. ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்கத்தில் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காகப் பேசுகிறவர்கள் நாங்கள். புயல் வந்தால், வெள்ளம் வந்தால் எங்களைத் தேடுவார்கள். மற்ற நாட்களில் இந்த மாதிரி மலை ஓட்டம், சைக்கிள் ஓட்டம் நடக்கிற இடங்களில் போய் நிற்போம். யாராவது விழுந்தால், மயங்கினால் செய்தி சொல்ல.

கூப்பிடலாம். கூப்பிடுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். நினைத்த நேரத்தில் குறுக்கே புகுந்து பேசக் கூடாது, அதற்கு ஒரு முறை இருக்கிறது. சற்று நேரத்தில் கண்ட்ரோலிலிருந்து ஒவ்வொரு நிலையமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எல்லோரும் பதில் சொன்ன பிறகு, 'வேற யாராவது இருக்கீங்களா?' என்று கேட்பார்கள். அப்போது நான் பேசலாம். அதற்கு முன்னால் பேசக் கூடாது. ஏனென்றால் நான் பட்டியலில் இல்லை.

இல்லை தம்பி, நான் ஓட்டத்தைச் சேர்ந்த ஆள் இல்லை. அதாவது, இந்த வருஷம் இல்லை.

என் பெயர் சிகாமணி. வேலூர். தொலைபேசித் துறையில் இருந்தேன். ஆட்களைக் குறைத்தபோது எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த ஓட்டத்துக்கு ரேடியோ ஏற்பாடு முழுவதும் என் கையில்தான் இருந்தது. முதல் ஓட்டத்திலிருந்து போன வருஷம்வரை.

நாம் உட்கார்ந்திருக்கிற முகடு இருக்கிறதே, இது ஒரு சுவர். மேற்கே பள்ளிக்கூடம். ஓட்டம் அங்கேதான் தொடங்குகிறது, கண்ட்ரோலும் அங்கேதான். கிழக்கே ஓடை, காடு, நீங்கள் வந்த பாதை. அந்தப் பக்கம் ஒருவன் விழுந்து கால் ஒடிந்து ரேடியோவில் கத்தினாலும் இந்தப் பக்கம் கேட்காது. அலை மலையைத் துளைக்காது. ஆனால் இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு பக்கமும் கேட்கும். அதனால் இங்கே ஒரு ஆள் வேண்டும். கிழக்கே சொன்னதை வாங்கி மேற்கே சொல்ல வேண்டும். மேற்கே சொன்னதை வாங்கிக் கிழக்கே சொல்ல வேண்டும். ரிலே என்போம். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, மாற்றக் கூடாது. 'தண்ணி தீரப்போகுது, சீக்கிரம்' என்று அவன் சொன்னால் நானும் 'தண்ணி தீரப்போகுது, சீக்கிரம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'தண்ணீர் வேண்டுமாம்' என்று சொன்னால் தப்பு. அந்தச் 'சீக்கிரம்' எங்கே போயிற்று?

அத்தனை வருஷமும் அந்த ஆள் நான்தான். காலையில் ஏறினால் கடைசி ஆள் ஓடி முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பேன். தொண்டை கட்டிவிடும். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. இதை இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது யோசிக்க நேரம் இல்லை.

வலிக்கிறதா? இந்தத் துண்டை நனைத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். நகரத்தில் என்ன வேலை? கம்ப்யூட்டரா. நினைத்தேன். கம்ப்யூட்டர் ஆட்கள்தான் இப்படி விடுமுறை நாளில் காசு கட்டி மலையில் விழுந்து எழுந்திருக்கிறீர்கள். சிரிக்கிறீர்கள். சிரித்தால் சரி.

திட்டம் போடுவது என்றால் லேசான வேலை இல்லை தம்பி. ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்கிவிடுவேன். முதலில் பாதை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். நானும் தேவசகாயமும் போவோம். தேவா வேலூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். என்னைவிட இளையவன், அண்ணே அண்ணே என்று கூப்பிடுவான். அவன் முன்னால் போய் ரேடியோவில் பேசிக்கொண்டே நடப்பான், நான் பின்னால் நின்று கேட்பேன். எங்கே அவன் குரல் அறுந்து போகிறதோ அது ஊமை இடம். அங்கே ஒரு ஆளை உட்கார வைக்கக் கூடாது. பத்து அடி தள்ளினால் கேட்கும். ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் ஊமை, அந்தப் பக்கம் தெளிவு. உயரமான மரத்தில் ஆண்டெனாவை ஏற்ற அவன் ஒரு உண்டிவில் வைத்திருந்தான். கல்லில் தூண்டில் நரம்பைக் கட்டிக் கிளைக்கு மேலே அடிப்பான், அந்த நரம்போடு கயிறு, கயிற்றோடு கம்பி. குறி தப்பவே தப்பாது. 'அண்ணே, மாங்கா அடிச்ச கை' என்பான்.

பிறகு வீட்டில் வரைபடத்தை விரித்து வேலை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அளவுக்குச் சரியாக இருக்கும் அந்த வரைபடம். ஒருமுறை விரித்துக் கண்ணாடி வைத்துவிட்டேன், அப்படியே இருக்கட்டும் என்று. என் மனைவி மங்கை அடுக்களையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டாள். அவளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். சென்னையில். பிரசவத்துக்கு உதவியாகப் போனாள். குழந்தை நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறது. போனில் பேசுவாள். முன்பெல்லாம் தினமும் பேசுவாள், என்ன சமையல், மழை பெய்ததா என்று. எனக்கு அது பிடிக்காது. விஷயம் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் எதற்கு என்று சொன்னேன். இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. விஷயம் இல்லை போலிருக்கிறது.

அந்த விதிதான் ரேடியோவிலும். ஆரம்பத்தில் ஒரே சந்தையாக இருந்தது தம்பி. ஒருத்தன் குரங்கு வந்து வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போன கதையைச் சொல்வான். இன்னொருத்தன் அந்தக் குரங்குக்கு என் சித்தப்பா ஜாடை என்பான். தேவா பாட்டுக்கூடப் பாடுவான். அத்தனையையும் நிறுத்தினேன். கூப்பிட்டால் மட்டும் பேசு. செய்தி இருந்தால் மட்டும் பேசு. பெயர், செய்தி, முடிந்தது. பட்டியலில் இல்லாதவர் குறுக்கே வரக் கூடாது. அதன் பிறகு அலைவரிசை எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? எல்லோரும் ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள். ஓட்டம் முடிந்து போளூரில் ஒரு மெஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அப்போது அன்றைக்கு யார் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று நான் சொல்லுவேன். அமைதியாகக் கேட்டுக்கொள்வார்கள். சாப்பிட்டுக்கொண்டே.

பொறுங்கள். இதோ, கூப்பிடுகிறார்கள். சத்தத்தைக் கூட்டுகிறேன், கேளுங்கள். அந்தப் பெண் குரல் பர்வீன். கல்லூரியில் பௌதிகப் பாடம் நடத்துகிறாள். கண்ட்ரோலில் உட்கார நான்தான் பழக்கினேன். மூங்கில் பாலம்... தண்ணீர்த் தொட்டி... ஓடை... கேட்டீர்களா, 'ஓடை, எல்லாம் நல்லா இருக்கு' என்றானே, அதுதான் தேவா.

கோயில் மேடு...

முடிந்தது. கேட்கவில்லை பாருங்கள். வேற யாராவது இருக்கீங்களா என்று கடைசியில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டாள். என் திட்டத்தில் அது இருந்தது.

இல்லை தம்பி, நானாக எப்படிப் பேச முடியும்? அவசரம் என்றால் யாரும் குறுக்கே வரலாம். இது சுளுக்கு. சுளுக்கு அவசரமா? நீங்களே சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கிறீர்கள், தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பேச ஒரு ஆள் இருக்கிறேன். அடுத்த முறை கேட்பாள்.

சரியாகத்தான் பார்த்தீர்கள், அது தேன்கூடு இல்லை. மரத்தில் கட்டியிருக்கிறதே, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அது ஒரு பெட்டி. இந்த வருஷம் என் இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். கிழக்கே பேசுவதை வாங்கி அப்படியே மேற்கே விட்டுவிடும். மேற்கே பேசுவதைக் கிழக்கே விடும். சைக்கிள் டியூபால் கட்டியிருக்கிறது பாருங்கள், அந்த முடிச்சு தேவாவுடையது. இழுத்தால் இறுகும்.

இது எப்படி இங்கே வந்தது என்றால், போன வருஷம் ஒன்று நடந்தது. உங்களுக்குச் சொல்வதில் என்ன. நீங்கள் யாரோ, நான் யாரோ.

போன வருஷம் தேவா இதே ஓடைப் பக்கத்தில் இருந்தான். பேசுகிற மைக்கைச் சட்டையில் மாட்டியிருந்தான். தோள்பை வார் மைக்கின் பொத்தான் மேல் சரிந்து அமுக்கிக்கொண்டது. அவனுக்குத் தெரியாது. பொத்தான் அமுங்கினால் என்ன ஆகும்? அவன் பேசுவதெல்லாம் வெளியே போகும். அந்த அலைவரிசையில் வேறு யாரும் அவனிடம் எதுவும் சொல்ல முடியாது. 'உன் பொத்தான் அமுங்கியிருக்கிறது' என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். மேற்கே இருந்தவர்களுக்கு மலை மறைத்தது, ஒன்றும் கேட்கவில்லை. இங்கே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரிக் கேட்டது.

தண்ணீர் கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாள் அவனிடம் கேட்கிறார், 'சார், மேல ஒருத்தர் தனியா உக்காந்திருக்காராமே. பாவம், மாத்தி விடக் கூடாதா?'

'அவர யாரு மாத்துறது மேடம்? அவரே போட்டுக்கிட்ட எடம். நெசத்தச் சொன்னா மேல ஆளே வேண்டாம். ஒரு பெட்டியக் கட்டிவிட்டாப் போதும், அது பாத்துக்கும்.'

'அப்புறம் எதுக்கு அவரு?'

'பெட்டி எங்கிட்டதான் இருக்கு. கடையில மேல்தட்டுல கெடக்கு, ரொம்ப நாளா. அதக் கட்டிட்டா அவரு எங்க போவாரு? வீட்டுலயும் யாரும் இல்ல. கீழ கொண்டாந்து உக்கார வெச்சா ஒவ்வொருத்தரையா திருத்த ஆரம்பிச்சிருவாரு. பசங்க ஒருத்தன் தங்க மாட்டான். மேல இருந்தா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.'

அந்த அம்மாள் சிரித்தார். தேவாவும் சிரித்தான். நல்ல சிரிப்பு, கடைக்குப் போனால் காலையில் சிரிப்பானே, அதே சிரிப்பு.

எனக்கா? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதலில், பெட்டி போதும் என்று சொன்னது தொழில்நுட்ப ரீதியாகத் தப்பு. மழை பெய்தால்? பேட்டரி இறங்கினால்? குரங்கு கம்பியை இழுத்தால்? அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். பர்வீன் கேட்டாள், 'சார், நடுவுல கொஞ்ச நேரம் கெழக்கு பக்கம் அடைச்சுக்கிச்சே, என்னாச்சு? யாரு பேசுனாங்க?'

கிழக்கே பேசியதை மேற்கே கேட்கிறார்கள். ரிலேயின் வேலை என்ன? சொன்னேன். அந்த அம்மாள் கேட்டது, தேவா சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக, அவன் சொன்ன மாதிரியே. கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை தம்பி. செய்தி வாசிப்பது மாதிரிச் சொன்னேன். சொல்லிவிட்டு, பெட்டி ஏன் போதாது என்பதற்கு மூன்று காரணம் சொன்னேன். பொத்தான் அமுங்காமல் மைக்கை எப்படி மாட்ட வேண்டும் என்றும் காட்டினேன்.

யாரும் சாப்பிடவில்லை. பர்வீன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டத்தை நடத்துகிற டாக்டர், 'சரி சரி, ரசம் ஊத்துப்பா' என்று யாரையோ கூப்பிட்டார். தேவாவின் இலையில் பாதிச் சோறு இருந்தது. மடித்தான். எழுந்து போய்க் கைகழுவினான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த இருட்டில், மழைத்தூறலில், வேலூர்வரைக்கும்.

பொத்தானைக் கவனிக்காமல் விட்டோமே என்று வெட்கப்பட்டிருப்பான் என்று நினைத்தேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவனும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. என்னிடம் என்ன செய்தி இருக்கிறது கூப்பிட? தை மாதத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள் என்று கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள். அவன் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பாத இடத்துக்கு எப்படிப் போய் நிற்பது? ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போனேன். எதிரே டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வருஷம் ஓட்டம் என்று பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் முதல் பஸ் பிடித்து வந்தேன். பையில் என்ன என்று பார்க்கிறீர்களா? பேட்டரி. அந்தப் பெட்டிக்கு ஆகிற மாதிரி ஒன்று. நடுவில் பெட்டி நின்றுவிட்டால் மாற்றலாமே என்று தூக்கி வந்தேன். நல்ல கனம். ஏறும்போது மூச்சு முட்டிவிட்டது.

அது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வந்தேனா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்கவில்லை, சரி. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடிந்ததிலிருந்து இந்தப் பெட்டியின் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் என்ன செய்கிறான்? புதையலைக் காக்கிற பாம்பு மாதிரி. ஒவ்வொரு முறை அது குரலை வாங்கி விட்டுப் பச்சை விளக்கை எரிக்கும்போதும் நிம்மதியா, இல்லை வேறு ஏதாவதா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நல்லவன் என்றுதான் நான் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தானே நினைத்துக்கொள்வார்கள்.

என்ன? அவ்வளவுதானா, தேவா வேறு எதுவும் சொல்லவில்லையா என்றா கேட்டீர்கள்?

சொன்னான். கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது. அது சொந்த விஷயம், அலைவரிசையில் வரக் கூடாத பேச்சு. அதனால் மெஸ்ஸில் அதை விட்டுவிட்டேன். செய்தி இல்லையே அது. சிரித்து முடித்த பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, அந்த அம்மாளிடம் சொன்னான். 'ஆனா ஒண்ணு மேடம். அவரு மேல இருக்காருன்னாதான் நான் இந்த மலைக்கே வருவேன். அந்தக் குரல் கேட்டாத்தான் எனக்கு தைரியம்.'

இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? எங்கே சொல்வது? எந்தத் தலைப்பில்? ரிலே என்றால் குறைக்கக் கூடாதுதான். அதுவும் சரிதான். ஆனால்...

இருங்கள். ஏதோ பேசுகிறார்கள்.

உங்கள் எண் என்ன? பனியனைத் திருப்புங்கள். இருநூற்றுப் பதினெட்டு. உங்களைத்தான் தேடுகிறார்கள். கேளுங்கள். உங்கள் வில்லை கடைசியாகப் பேசியது ஓடைப் பள்ளத்துக்கு மேலேயாம். அதற்குப் பிறகு சத்தம் இல்லையாம். பள்ளத்தில் விழுந்திருப்பீர்கள் என்று நினைக்கிறார்கள்.

தெரியும் தம்பி, இங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. கத்தாதீர்கள்.

தேவா பேசுகிறான். 'நான் எறங்கிப் பாக்குறேம்மா, நான்தான் பக்கத்துல இருக்கேன்.' பர்வீன் வேண்டாம் என்கிறாள், 'சார், நீங்க வேண்டாம், பாலத்துல இருந்து ஆள் அனுப்புறேன்.' 'அவங்க வர்றதுக்குள்ள என்ன ஆகுமோ. சின்னப் பையனாம். நான் மெதுவா எறங்குறேன்.'

எங்கே மெதுவாக இறங்குவது? அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் நடந்து பார்த்து, இங்கே யாரையும் இறங்க விடக் கூடாது என்று நான்தான் சிவப்பில் வட்டம் போட்டேன். பாசி, உருளுகிற கல். இறங்கிவிடலாம், ஏறுவதுதான் உயிர் போகும். அதுவும் ஊமை இடம். அங்கே போய்விட்டால் பெட்டிக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது.

கேட்கிறதா? பொத்தானை அமுக்கிவிட்டு மூச்சு வாங்குகிறான். பிறகுதான் பேச்சு வருகிறது. 'பாறைகிட்ட வந்துட்டேன். இன்னும் ஒண்ணும் தெரியல.' முதலில் மூச்சு, பிறகு பேச்சு. அவனுக்கு முன்பெல்லாம் இப்படி இருக்காது. மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டே பாடுகிறவன் அவன்.

கூப்பிடுகிறேன். கூப்பிடத்தான் போகிறேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? எனக்கு நிலையத்தின் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவன் என்ன சொல்லித் தொடங்குவது? நான் அதற்கு ஒரு வழியும் எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் எழுதினேன், இதற்கு எழுதவில்லை. ரேடியோவைப் பறிக்காதீர்கள் தம்பி, காலை ஊன்றாதீர்கள், விடுங்கள். நான் பேசுகிறேன்.

'தேவா. எறங்காத. நில்லு அங்கேயே. பையன் எங்கிட்ட இருக்கான். மேல, முகட்டுல. கால் சுளுக்கு, வேற ஒண்ணுமில்ல. நல்லா இருக்கான். கேக்குதா தேவா? எறங்காத. உக்காரு. கல்லுல உக்காந்து மூச்சு வாங்கு. எறங்காதடா.'

பதில் வரவில்லை.

ஊமை இடத்துக்குப் போய்விட்டானா? பச்சை விளக்கு எரிந்தது, பெட்டி விட்டுவிட்டது, என் குரல் போயிருக்கிறது. போயிருக்க வேண்டும். இறங்கிவிட்டானா? முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் வந்த உடனே. சுளுக்கு அவசரமா என்று உங்களிடம் சட்டம் பேசிக்கொண்டு...

'தேவா.'

வந்துவிட்டது. கேட்டீர்களா? பர்வீன். 'சிகாமணி சார்? நீங்களா சார்?'

'ஆமாம்மா. நான்தான்.'

'எங்க சார் இருக்கீங்க?'

'மேலதான். சும்மா... வந்தேன்.'

பாருங்கள் தம்பி, அத்தனை பேருக்கும் கேட்க உளறுகிறேன். செய்தி கேட்டால் சும்மா வந்தேன் என்கிறேன்.

இதோ தேவா. மூச்சு. மூச்சுத்தான் வருகிறது. பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிறான். இன்னும் பேசவில்லை.

'மேல ஏறிட்டேன். ஜீப்ப எடுத்துட்டு வர்றேன்.'

அவ்வளவுதான். எனக்குச் சொன்னானா, பர்வீனுக்குச் சொன்னானா தெரியவில்லை. பெயர் சொல்லவில்லை. ஆனால் பள்ளத்தின் அடிவரை இறங்கவில்லை. அது போதும். மேலே ஏறிவிட்டான். அது போதும்.

ஜீப் அந்த வளைவுவரைதான் வரும். அங்கிருந்து நடந்து வருவான். நீங்கள் நகர வேண்டாம், ஆள் கூட்டி வருவான், தூக்கிக்கொள்வார்கள்.

ஒன்று கேட்கலாமா? அவன் வந்ததும் நீங்கள் முதலில் பேசுங்கள். என்னைப் பார்த்ததும் அவனுக்குச் சங்கடமாக இருக்கும். நீங்களாகச் சொல்வது போல ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்னதாக வேண்டாம். என்ன என்றால்... இங்கே ஒருவர் இருந்தார், தண்ணீர் கொடுத்தார் என்று... வேண்டாம், அது என்ன பெருமை. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாராம், எதிர்க்கடையில்... அதுவும் வேண்டாம். கடைசி வாக்கியத்தை நான் கேட்டேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கே கேட்டேன், சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று... அதை மூன்றாவது மனிதர் சொன்னால் நன்றாக இருக்குமா?

நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் சிநேகிதனாக இருந்தால்? அப்படியே போய்க் கட்டிக்கொள்வீர்களா? சிரிக்காதீர்கள். எங்கள் வயதில் அதெல்லாம் வராது.

சத்தம் கேட்கிறது. ஜீப்தான். நின்றுவிட்டது. கதவு. இரண்டு பேர் வருகிறார்கள், முன்னால் வருகிறவன் அவன்தான். இளைத்துவிட்டான். சட்டை தொளதொளவென்று இருக்கிறது பாருங்கள். நிற்கிறான். மூச்சு வாங்கட்டும். மறுபடி வருகிறான். என்னைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்க்கிறான். பெட்டியை நான் ஏதாவது செய்துவிட்டேனோ என்று நினைக்கிறானோ? தொடவில்லை தம்பி, நீங்கள் சாட்சி. விரல்கூட வைக்கவில்லை.

வந்துவிட்டான். நீங்கள்... இல்லை. நீங்கள் சும்மா இருங்கள். காலை அசைக்காதீர்கள். நானே சொல்கிறேன்.

தேவா. பெட்டி நல்லா வேலை செய்யுதுடா. காலையில இருந்து பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு குறையும் இல்ல.